சம்பளம் வாங்கிய சங்கீதம்

கொல்கத்தா என்று சொன்னாலே நம் ரசிகர்களின் குரலில் ஒரு மரியாதை ஏறிவிடும். “அங்கேதான் சார் சங்கீதம் இன்னும் சங்கீதமா இருக்கு. வீட்டுக்கு வீடு ஆர்மோனியம். காசுக்காகப் பாடுறவன் கிடையாது” என்பார்கள். கூடவே இரண்டு உபதேசங்களும் வரும்: உண்மையான கலைஞன் பணத்தை நினைக்க மாட்டான், சரக்கு இருந்தால் உலகம் தானாகத் தேடி வரும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன், மயிலாப்பூர் சபா வாசலிலும் கேட்டிருக்கிறேன். வங்காளிகளும் தங்கள் ஊரைப் பற்றி இப்படித்தான் நம்புகிறார்கள். சரபோஜியின் அழைப்பைத் தியாகராஜர் மறுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் இது பொய். கொல்கத்தாவின் இசை கூலி வாங்கிய இசை. கூலி கிடைத்த காலத்தில் செழித்தது; கூலி நின்ற காலத்தில் ரயிலேறி வேறு ஊருக்குப் போனது. இதற்குச் சாட்சி தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. இசைக்காரர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்ன புத்தகங்கள் வங்காளியில் நிறைய உண்டு. அலாவுதீன் கானின் ‘ஆமார் கதா’, சச்சின் தேவ் பர்மனின் ‘சர்கமேர் நிகாத்’, ஹேமந்த முகர்ஜியின் ‘ஆனந்த தாரா’, தேவபிரத பிஸ்வாசின் ‘ப்ராத்யஜனேர் ருத்தசங்கீத்’, மன்னா டேயின் ‘ஜீபனேர் ஜல்சாகரே’. இவற்றிலிருந்து குருபக்தியையும் சாதகத்தையும் மட்டும் பொறுக்கி எடுத்து மேடையில் சொல்கிறோம். யார் சோறு போட்டார்கள், யார் வேலை கொடுத்தார்கள் என்பதைக் கேட்காமல் தாண்டிப் போகிறோம்.

அலாவுதீன் கானின் கதையை முதலில் பார்ப்போம். எதிர்த்தரப்பும் முதலில் எடுப்பது அதைத்தான். இன்றைய வங்கதேசத்தின் பிராமண்பாரியா பக்கத்துக் கிராமத்திலிருந்து இசைக்காக ஓடிவந்த சிறுவன். கங்கைக் கரையில் படுத்தான், அன்னசத்திரத்தில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான், நூலோ கோபால் என்ற பாடகரிடம் சேர்ந்து வருஷக்கணக்கில் ஸ்வரம் மட்டும் சாதகம் செய்தான். கதை சொல்கிறவர்கள் இங்கே கண் கலங்கி நிறுத்திவிடுவார்கள். ஆனால் அலாவுதீன் அங்கே நிற்கவில்லை. கோபால் பிளேக்கில் இறந்தார். அதன்பின் அலாவுதீன் போனது நாடகக் கொட்டகைக்கு, விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத்தரின் வாத்தியக் குழுவில் வேலைக்கு. தினமும் திரை தூக்கியாக வேண்டிய இடம் அது. கிளாரினெட், வயலின், தபலா, ஊதுகுழல் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும் இடம். லோபோ என்ற கோவாக்காரரிடம் மேற்கத்திய வயலினும், ஹசாரி உஸ்தாதிடம் ஷெனாயும் கற்றது இந்தக் காலத்தில்தான்.

பிற்பாடு அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து மைஹர் வாத்தியக் குழுவை உருவாக்கியதும், ரவிசங்கர், அலி அக்பர் கான், நிகில் பானர்ஜி என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விதமாக வாசிப்பைச் செதுக்கிக் கொடுத்ததும் எந்தக் காதால்? நாடகக் கொட்டகையில் வேலைபார்த்த காதால். இதற்கெல்லாம் இடம் தந்தது மைஹர் மகாராஜாவின் அரண்மனை உத்தியோகம். வீட்டில் அடுப்பு எரிவதைப் பற்றிய கவலை இல்லாமல் பல பத்தாண்டுகள் கற்பிக்க முடிந்தது அதனால்தான். பசியிலும் கற்றார் என்பது அவர் பெருமை. பசியால் கற்றார் என்பது நாம் சேர்த்துக்கொண்டது. அதே அன்னசத்திர வரிசையில், அவ்வளவே நல்ல காதோடு உட்கார்ந்திருந்து காய்ச்சலில் செத்துப்போன பையன்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் நினைவுக் குறிப்பு எழுதவில்லை. வறுமை கலைஞனைப் பட்டை தீட்டும் என்கிறவர்கள் பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்குச் சொல்கிறார்கள்.

அடுத்து கௌஹர் ஜான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கொல்கத்தாவுக்கு வந்து இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுகளைப் பதிவு செய்தபோது பாடியவர்களில் தலையானவர். சித்பூர் சாலையில் வாழ்ந்த தவாயிஃப், அதாவது ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட கலைஞர். ஒரு அமர்வுக்கு 3000 ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். தொகை எவ்வளவானாலும், தன் குரலின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஒரு ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனை, பந்திஷ், தான் என்று முழு உருவத்தோடு அடக்கிக் காட்டும் வித்தையை இந்தியாவில் நிலைநாட்டியவர் அவர். முடிவில் ஆங்கிலத்தில் தன் பெயரையும் சொல்லி முத்திரை வைப்பார். பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் பாடினார். பணம் கேட்டதால் அந்தக் கலை எங்கே குறைந்தது? குறைந்ததெல்லாம் பணம் கைவிட்டுப் போன பிறகுதான். வழக்குகளும் ஏமாற்றியவர்களும் சேர்ந்து சொத்தைக் கரைத்தார்கள். 1928இல் மாதம் 500 ரூபாய்க்கு மைசூர் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து 1930 ஜனவரியில் அங்கேயே தனிமையில் இறந்தார். அந்தக் கடைசிக் காலத்தில் வறுமை அவரிடமிருந்து எந்த உயர்ந்த இசையையும் வரவழைத்துவிடவில்லை.

கௌஹரின் முதல் தட்டுக்குப் பிறகு வந்த முப்பது ஆண்டுகளை வேகமாகவே கடக்கலாம், கதை ஒன்றேதான். 1908இல் சியால்டா பக்கம் இசைத்தட்டு ஆலை வந்தது, 1927இல் கார்ஸ்டின் பிளேசில் வானொலி நிலையம், 1931இல் பி.என். சர்க்காரின் படக் கம்பெனியான நியூ தியேட்டர்ஸ். ரெமிங்டன் தட்டச்சு எந்திரம் விற்றுக்கொண்டிருந்த பாடகர் சைகலை மாதம் 200 ரூபாய்க்கு நியூ தியேட்டர்ஸ் எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர்கள் ராய்சந்த் போராலும் பங்கஜ் மல்லிக்கும் அங்கே சம்பளக்காரர்கள். தினமும் காலையில் கூடி மாலையில் கலையும் வாத்தியக் குழு இருந்ததால்தான் 1935இல் பின்னணிப் பாடலை அங்கே சோதித்துப் பார்க்க முடிந்தது. இன்று இந்தியா முழுக்கப் பின்னணிப் பாடகர் என்ற தொழிலே அந்தச் சம்பளப் பட்டியலிலிருந்து கிளம்பியது.

இதே ஏற்பாட்டின் மறுபக்கம் நஸ்ருல் இஸ்லாம். 1928 முதல் எச்.எம்.வி.க்காகப் பாட்டு எழுதி மெட்டமைத்தார். ஆயிரக்கணக்கான பாடல்கள், புதிது புதிதாக ராகங்கள். வேலை இருந்தவரை ஊற்று வற்றவில்லை. 1939இல் மனைவி பிரமீளா பக்கவாதத்தில் விழுந்தபோது, வைத்தியத்துக்காகத் தன் புத்தகங்களிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் வரும் ராயல்டியையே அடகு வைத்தார். 1942இல் அவருக்கே நோய் வந்து பேச்சு நின்றது. 1976இல் டாக்காவில் இறக்கும் வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் இசை உழைப்பைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அவர் உடம்பு நொடிந்த நாளுக்கென்று யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. ‘கலகக் கவி’ என்று சிலை வைக்கிறோம். அடகுப் பத்திரத்தைப் பற்றிப் பேச மறுக்கிறோம்.

இனி, எனக்கு எதிராக நிறுத்தக்கூடிய ஆகப் பெரிய மனிதர். தேவபிரத பிஸ்வாஸ், கொல்கத்தாக்காரர்களுக்கு ஜார்ஜ்தா. ரவீந்திர சங்கீதத்தை அந்தக் கனத்த குரலில் கேட்டவர்கள் வேறு குரலுக்குப் பழக நாளாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். 1956இல் அது எல்.ஐ.சி.யில் சேர்ந்தபிறகும் அங்கேயே. 1960களின் நடுவிலிருந்து விஸ்வபாரதியின் இசை வாரியம் அவர் பதிவுகளில் குறை கண்டது: வாத்தியம் அதிகம், பாணி மீறல். தாகூர் பாடல்களின் பதிப்புரிமை விஸ்வபாரதியிடம் இருந்ததால் அந்த வாரியம் ஒப்பாமல் தட்டு வெளிவராது. ஜார்ஜ்தா தன் பாணியை மாற்றவில்லை. பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். அந்தக் காயத்தைத்தான் 1979இல் வந்த புத்தகத்தில் எழுதினார். மறு ஆண்டு இறந்தார்.

“பார்த்தீர்களா, பாட்டை நம்பிப் பிழைக்காததால்தான் நிமிர்ந்து நின்றார்” என்பார்கள். நிமிர்ந்து நின்றார் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எதை ஊன்றி நின்றார்? அத்தனை ஆண்டுகளும் மாதம் பிறந்தால் கைக்கு வந்த சம்பளத்தை. வாரியத்துக்கு ‘முடியாது’ என்று சொல்லும் தெம்பை ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகம் தன்னையறியாமல் வளர்த்துக் கொடுத்திருந்தது. அதே காலத்தில், தட்டுப் பதிவையும் டியூஷனையும் மட்டுமே நம்பியிருந்த ஒரு பாடகர் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா? அவர் வாரியம் சொன்னபடி பாடிவிட்டு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போயிருப்பார், அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இதற்கு ஜார்ஜ்தா கொடுத்த விலையும் சிறிதல்ல. அப்படிப்பட்ட குரல் பகலெல்லாம் பாலிசிக் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. ஒரு நகரம் தன் தலைசிறந்த பாடகரைக் குமாஸ்தா வேலைக்கு அனுப்பிவிட்டு, அதைத் தூய்மை என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

கூலி நின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க பார்க் ஸ்ட்ரீட் போதும். 1950களிலும் 60களிலும் மொகாம்போ, டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் என்று வரிசையாக உணவகங்கள், ஒவ்வொன்றிலும் மேடை, ஒவ்வொரு மேடையிலும் வேலைக்கு வைத்த வாத்தியக் குழு. பாம் கிரேன் பாடினார், லூயி பேங்க்ஸ் பியானோ வாசித்தார். தமிழ்க் குடும்பத்துப் பெண் உஷா ஐயர், மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸில் பாடித் தொடங்கி, 1969இல் காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டுமாக டிரிங்காஸ் மேடை ஏறினார். பின்னாளில் உஷா உதுப் என்று நாடே அறிந்த அந்தக் குரல் குடிக்கவும் சாப்பிடவும் வந்தவர்கள் முன் இரவுதோறும் பாடி உருவானது. ஒரு இரவு எடுபடாத பாட்டை மறு இரவு வேறு மாதிரி பாடிப் பார்க்கலாம். அந்தப் பயிற்சியை எந்த குருகுலமும் தராது.

பிறகு அரசியல் கொந்தளிப்பு வந்தது. கம்பெனிகள் ஊரை விட்டுப் போயின, நேரடி இசை வைக்கும் உணவகங்கள் மீது கேளிக்கை வரி விழுந்தது. முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். முதலில் வெட்டுப்பட்டது வாத்தியக் குழு. லூயி பேங்க்ஸ் பம்பாய் போனார். பல ஆங்கிலோ இந்திய இசைக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். கார்ல்டன் கிட்டோ போகவில்லை. பீபாப் ஜாஸை இந்தியாவில் அவரளவுக்கு அறிந்த கித்தார்க்காரர்கள் அபூர்வம். கடைசி வரை கொல்கத்தாவிலேயே இருந்து, பிள்ளைகளுக்குக் கித்தார் கற்றுக்கொடுத்துப் பிழைத்து, 2016இல் இறந்தார். அவர் தங்கியதை ஊர் தன் இசைப்பற்றுக்குச் சான்றாகச் சொல்கிறது. அவரைப் போலத் தங்க முடியாமல் போனவர்களை யார் கணக்கில் வைப்பது?

சினிமாவிலும் இதே போக்குதான். மன்னா டே 1942இல் பம்பாய் போனார், சச்சின் தேவ் பர்மன் 1944இல். 1947 பிரிவினை வங்காளிப் படங்களுக்குக் கிழக்கு வங்காளக் கொட்டகைகளை இல்லாமல் ஆக்கியது. பிமல் ராய் ஒரு குழுவையே கூட்டிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பினார். சலில் சௌத்ரி 1940களில் மக்கள் நாடக மன்றத்துக்காக எழுதிய எழுச்சிப் பாடல்களுக்கு யாரும் கூலி தரவில்லை. கொள்கைக்காகப் பிறந்த மகத்தான பாடல்கள் அவை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே சலில் 1953இல் ‘தோ பிகா ஜமீன்’ படத்துக்காகப் பம்பாய் போனார். ‘செம்மீன்’ பாடல்களும் நம் ‘அழியாத கோலங்கள்’ பாடல்களும் கிடைத்தது, அவர் சம்பாதிக்கக் கிளம்பியதால். லட்சியம் ஒரு இளைஞனைச் சில ஆண்டுகள் தாங்கும். குடும்பஸ்தனை முப்பது ஆண்டுகள் தாங்காது.

“பணம் கலையைக் கெடுக்கும் என்பதை மறுக்கிறாயா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிர்காலத்தில் வங்காளத்துச் சிறு ஊர்களில் மேடை கட்டி நடத்தும் நிகழ்ச்சிகளை ‘மாச்சா’ என்பார்கள். கொல்கத்தாவிலிருந்து வேன் பிடித்துப் போகிற பாடகர் அங்கே தன் சொந்தப் பாட்டைப் பாட முடியாது. கூட்டம் கேட்கிற இந்திப் பாட்டைப் பாடியாக வேண்டும். விடியற்காலையில் திரும்பி, தூங்கி எழுந்து, அடுத்த ஊர். குரல் தேய்ந்துபோன பாடகர்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதைப் பணத்தின் குற்றம் என்பது தப்பு. வேறு வழியில் பணம் வராததுதான் அவரை அந்த மேடைக்குத் தள்ளுகிறது. மூன்று மாத மாச்சா வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டியவருக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் ஏது?

வருமானம் நிலையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த ஊரே பதில் வைத்திருக்கிறது. 1977இல் டாலிகஞ்சில் ஐ.டி.சி. சங்கீத ஆய்வு அகாடமி தொடங்கியது. குருமார்களுக்கு வீடும் ஊதியமும், மாணவர்களுக்கு உதவித்தொகை. சிகரெட் விற்ற காசுதான். ராம்பூர் சஹஸ்வான் கரானாவின் நிசார் ஹுசேன் கான் அங்கே குருவாக வந்தார். அவரோடு பதாயூனிலிருந்து வந்த உறவுப் பையன் ரஷீத் கான். காலையிலிருந்து இரவு வரை பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாதபடி அந்தப் பையனுக்கு ஒரு கூரையும் சோறும் கிடைத்தது. 2024 ஜனவரியில் அவர் மறைந்தபோது நாடே அழுத அந்த விஸ்தாரமான கயால், கூட்டத்துக்கு வளைந்து கொடுத்த இசையா? அஜய் சக்ரவர்த்தி உருவானதும் அங்கேதான். கிரிஜா தேவி தன் முதுமையில் மாணவர்களுக்கு டும்ரி கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். ஒரு கம்பெனி, ஒரே வளாகம், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். இதை ஏன் பத்து இடங்களில் செய்யவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, வறுமையின் மகிமையைப் பாடுகிறோம்.

எஞ்சியது அந்த இரண்டாவது உபதேசம்: சரக்கு இருந்தால் உலகம் தேடி வரும். பீர்பூம் மாவட்டம் சியுரியில் ரத்தன் கஹார் என்ற பாடகர் இருக்கிறார். பீடி சுற்றிப் பிழைத்தவர். 1972இல் ‘படலோகேர் பிடி லோ’ என்ற பாட்டைக் கட்டினார். 1976இல் அது இசைத்தட்டாக வந்து வங்காளம் முழுக்கப் பரவியது, அவர் பெயர் இல்லாமல். 2020 மார்ச்சில் ராப் பாடகர் பாட்ஷா அதன் வரிகளை ‘கேந்தா பூல்’ என்ற பாட்டில் எடுத்துக்கொண்டார், கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், அதிலும் அவர் பெயர் இல்லை. கூச்சல் எழுந்தபிறகு பாட்ஷா 5 லட்சம் ரூபாய் அனுப்பினார். 2024இல் பத்மஸ்ரீ வந்தது. உலகம் அவர் பாட்டைத்தான் தேடி வந்தது, அவரைத் தேடி வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு பீடிப்புகை ஓடிவிட்டது.

மஹீனேர் கோராகுலி இன்னொரு சாட்சி. 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய குழு. பவுல் இசையையும் ராக்கையும் வங்காளி நகர வாழ்க்கையையும் ஒன்றாகக் கோத்து 1977 முதல் 79 வரை மூன்று தட்டுகள் போட்டார்கள். அன்று யாரும் பெரிதாக வாங்கவில்லை. 1981இல் குழு கலைந்தது. விளம்பரத் தொழில், ஆசிரியர் வேலை, அமெரிக்கா என்று ஆளுக்கொரு திசை. பதினைந்து ஆண்டுகள் கழித்துதான் வங்காளி ராக்குக்குத் தாய்வீடு அது என்று ஊர் கண்டுகொண்டது. அந்தக் குழுவில் ஒருவரான தாபஸ் தாஸ், எல்லோருக்கும் பாபிதா, 2023இல் புற்றுநோயில் படுத்தபோது சிகிச்சைக்காக இளம் குழுக்கள் கச்சேரி வைத்துப் பணம் திரட்டின. மாநில அரசும் செலவை ஏற்றது. ஜூன் மாதம் இறந்தார். அந்தப் பிள்ளைகளின் அன்பை வணங்குகிறேன். ஆனால் ஒரு தலைமுறையே பாடிய பாடல்களை உருவாக்கியவருக்கு மருத்துவச் செலவுக்குத் துண்டு ஏந்த வேண்டியிருந்தது என்றால், அதை நெகிழ்ச்சிக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த நம்பிக்கை ஏன் சாகாமல் இருக்கிறது? அதனால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால். கலைஞன் பணம் கேட்கக் கூடாது என்ற ஊரில் தட்டுக் கம்பெனிக்கும் படமுதலாளிக்கும் சபா செயலாளருக்கும் வேலை சுலபம். கேட்பவனை ஊரே சேர்ந்து வாயடைக்கும். 2017இல் மேடையில் தன் பாடல்களைப் பாட அனுமதி பெற வேண்டும் என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாட்டில் எழுந்த வசை நினைவிருக்கிறதா? உரிமை யாருக்கு என்பது சட்டம் தீர்க்க வேண்டியது. ஆனால் பலரும் அதைப் பேசவில்லை. இசையமைத்தவர் காசு கேட்கிறாரே என்பதையே இழிவாகப் பேசினார்கள். தியாகராஜரை மேற்கோள் காட்டியவர்களும் உண்டு. தியாகராஜர் மறுத்தது அவர் உரிமை. அதே சரபோஜியின் அரண்மனைச் சம்பளத்தில்தான் தஞ்சை நால்வர் பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றுள்ள வரிசையைக் கட்டினார்கள். அவர்களில் வடிவேலு, சுவாதித் திருநாளின் அவைக்கும் போய் ஊதியம் வாங்கினார். அவர்களை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை.

2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி ஆக்கினார்கள். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். நல்ல காரியம். ஆனால் பதிவுக்கூடத்தில் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போகும் வயலின்காரருக்கும் தபலாக்காரருக்கும் அதனால் பெரிதாக எதுவும் வந்து சேரவில்லை. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று தட்டில் அச்சிட்டுவிட்டால் பாட்டைக் கட்டியவருக்கு எந்தச் சட்டமும் எட்டாது.

சட்டம் மாற நாளாகும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். கொல்கத்தாவின் தெருவோர பூஜைக் கமிட்டியானாலும் சரி, சென்னையின் சபாவானாலும் சரி, கச்சேரிக்குக் கூப்பிடும்போதே தொகையைக் கடிதத்தில் எழுதி அனுப்பட்டும். பக்கவாத்தியக்காரர் பெயரை அழைப்பிதழிலும் பதிவிலும் போடட்டும். வரும் டிசம்பரில் பிற்பகல் இரண்டு மணிக் கச்சேரிக்கு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வரும் இருபது வயதுப் பையனுக்கு, ஆட்டோவுக்குக் கொடுத்தது போக வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது மிஞ்சும்படி கொடுக்கட்டும். சாப்பாட்டுக் கூப்பனும் பொன்னாடையும் அந்தத் தொகையில் சேராது.